வலது என்றால் எந்த வலது? சித்தூர் தாலுகாவில் கருத்துக்கணிப்புக்குப் போகிறவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. எண்பதைத் தொட்ட பெரியவர் ஒருவர் கடப்பாரையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வினாத்தாளில் இருந்தபடியே கேட்டேன்: "அரசியலில் இடது, வலது என்று சொல்கிறார்கள். நீங்கள் உங்களை எந்தப் பக்கம் என்று சொல்வீர்கள், ஐயா?" மட்டையைப் பிளந்தபடியே அவர், "நான் வலது, அம்மிணி. அறுபத்து நாலிலிருந்தே வலது" என்றார்.

டேப் என்று நாங்கள் சொல்லும் கைக்கணினியில் 'வலதுசாரி' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கிளம்பும்போது திண்ணைச் சுவரில் ஒரு காலண்டர் கண்ணில் பட்டது. அதில் கதிர் அரிவாள். பஸ் கொழிஞ்சாம்பாறையை நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது, ஊர் வழக்கில் ஒன்றை இடது கம்யூனிஸ்ட் என்றும் மற்றதை வலது கம்யூனிஸ்ட் என்றும் சொன்னார்கள். பெரியவர் சொன்ன வலது, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. வாழ்நாளெல்லாம் செங்கொடி பிடித்த ஒருவரை நான் வலதுசாரிக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

தேர்தல் நெருங்கினால் எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளைக் கள ஆய்வுக்கு எடுக்கிறார்கள். வேலந்தாவளம், வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக இருக்கும் ஊர்களுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால் நம்மைத் தேடி வருகிறார்கள். அரைநாள் பயிற்சி, கையில் ஒரு டேப், மறுநாள் காலை வீடு வீடாகப் போக வேண்டியதுதான். அந்த அரைநாளில் யாரும் சொல்லித் தராதவற்றை, பல தேர்தல்களில் இந்தத் தோப்புகளுக்குள் நடந்தவள் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். 'உங்கள் அரசியல் கொள்கை என்ன' என்று கேட்கும் கேள்விகளைப் பற்றி மட்டும்.

முதல் படி: மூன்று வகைக் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

யாருக்கு ஓட்டு என்பது ஒரு கேள்வி. தன்னை எந்தக் கொள்கைக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார் என்பது இன்னொரு கேள்வி. ரேஷன், நிலம், கூலி, கோயில், இடஒதுக்கீடு போன்ற விஷயங்களில் அவர் எங்கே நிற்கிறார் என்பது மூன்றாவது. புதிதாக வருகிறவர்கள் இவை மூன்றும் ஒரே விடையைத் தரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒருவர் இடது முன்னணிக்கு ஓட்டு என்று சொல்லிவிட்டு 'நான் வலது' என்றால், ஏதோ பிசகு என்று நினைத்துத் தாங்களே 'சரி' செய்துவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது.

மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் மக்களிடம் இதைக் கேட்கிறது. 2024இல் தங்களைக் கன்சர்வேடிவ் (அங்கே வலப்பக்கம்) என்றவர்கள் 37 சதவீதம், மிதவாதி என்றவர்கள் 34 சதவீதம், லிபரல் (அங்கே இடப்பக்கம்) என்றவர்கள் 25 சதவீதம். ஆனால் லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கான்ட்ரில் என்ற ஆய்வாளர்கள் 1967லேயே ஒன்றைக் காட்டிவிட்டார்கள். கன்சர்வேடிவ் என்று சொல்லிக்கொள்ளும் பலரிடம் பள்ளிக்கு, மருத்துவத்துக்கு, முதியோருக்கு அரசு செலவிடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், செலவிடட்டும் என்றுதான் விடை வருகிறது. தன்னை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்வது என்பது மனிதருக்கு ஒருவகைச் சொந்தபந்தம் போன்றது. திட்டங்களைப் பற்றிய கருத்து வேறிடத்திலிருந்து வருகிறது.

நம் தொகுதியையே பாருங்கள். 2023 செப்டம்பரில் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் தேசியத் தலைமை பாரதிய ஜனதா கூட்டணியில் சேர்ந்தது. கேரளப் பிரிவு இடது முன்னணியிலேயே நின்றது. சித்தூரின் அன்றைய சட்டமன்ற உறுப்பினர் கே.கிருஷ்ணன்குட்டி அந்தக் கட்சியின் சார்பில் அப்போது மின்துறை அமைச்சர். 2021 தேர்தலில் அவருக்கு ஓட்டுப்போட்ட ஒரு விவசாயியை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? கட்சியின் பெயரை வைத்துக் கொள்கையை ஊகிக்க இங்கே வழியே இல்லை. அவரிடமே கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: சொற்கள் இங்கே என்ன பொருளில் ஓடுகின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இடது, வலது என்ற பிரிப்பு 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் உறுப்பினர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது. அரசரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கத்திலும் எதிர்த்தவர்கள் இடப்பக்கத்திலும் அமர்ந்தார்கள். வினாத்தாள் எழுதுகிறவர் மனத்தில் இருப்பது அந்த நீண்ட மரபு. வாளையாறு தாண்டி வந்தால் அந்தச் சொற்களுக்கு வேறு உயிர்.

கேரளத்தில் 'இடதுபட்சம்' என்றால் எல்டிஎஃப், அதாவது இடது முன்னணி. அது பெரும்பாலும் சிக்கலில்லாத சொல். 'வலதுபட்சம்' என்றால் செய்தித்தாளிலும் மேடையிலும் யுடிஎஃப், அதாவது காங்கிரஸ் அணி. தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கும் இளைஞருக்கோ 'வலதுசாரி' என்றால் பாரதிய ஜனதா, இந்துத்துவம். தமிழ்நாட்டு விவாத நிகழ்ச்சிகளில் ஒருவர் பெயருக்குக் கீழே 'வலதுசாரி ஆதரவாளர்' என்று போட்டால் காங்கிரஸ்காரர் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். மூத்த தலைமுறைக்கு, தேங்காய் உரித்த அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கு, வலது என்பது கம்யூனிஸ்ட் கட்சியின் ஒரு பாதி. இன்று அந்தப் பாதி இடது முன்னணிக்குள்ளேயே இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரி அணிகள்.

இதைவிட நுட்பமான ஒரு பொறி உண்டு. கேரளத்தில் பாரதிய ஜனதா மேடைகளில் 'இடது வலது முன்னணிகள்' இரண்டையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள். அந்தக் கட்சிக்கு ஓட்டுப்போடும் ஒருவர் உங்களிடம், "எனக்கு இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம்" என்பார். பழகாத கை உடனே 'நடுநிலை' என்ற கட்டத்துக்குப் போகும். வினாத்தாள் எழுதியவர் கணக்கில் வலது ஓரத்தில் இருக்க வேண்டியவர் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். இப்படி ஒரு வார்டில் பத்துப் பேர் போதும், 'எல்லையோர மக்கள் மிதவாதிகள்' என்று எவரோ ஒருவர் எழுதிவிடுவார்.

மற்றச் சொற்களும் எளிதல்ல. 'பழமைவாதி' என்று வாசித்துக் காட்டினால் அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அரிது. தமிழில் அது பெயரைக் காட்டிலும் வசவு. ஆங்கிலத்தில் அதற்கு இணையான சொல்லைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு, தமிழில் இல்லை. 'முற்போக்கு' எதிர்த்திசையில் கோணல்: யாருக்குத்தான் பிற்போக்காக இருக்க ஆசை? 'தாராளவாதி' என்றால் கை தாராளமானவர் என்று சிலரும், 1991க்குப் பின் வந்த தாராளமயத்தை ஆதரிக்கிறவர் என்று சிலரும் கொள்கிறார்கள். அமெரிக்காவில் லிபரல் என்றால் இடப்பக்கம். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி வலப்பக்கம். 'மிதவாதி'க்கு எதிர்ச்சொல்லாக 1907 சூரத் காங்கிரஸ் காலத்தில் தீவிரவாதி என்று எழுதினார்கள். இன்று அந்தச் சொல் துப்பாக்கி ஏந்தியவரைக் குறிக்கிறது. ஆகவே மிதவாதி என்றால் பலர் காதில் 'வன்முறை பிடிக்காதவர்' என்று மட்டுமே விழுகிறது. அந்தப் பொருளில் எல்லோரும் மிதவாதிகள்தானே?

களத்துக்குப் போவதற்கு முந்தைய நாள், அந்த ஊர் டீக்கடையிலோ நூலகத்திலோ அரை மணி நேரம் உட்கார்ந்து இந்தச் சொற்களை ஊர்க்காரர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று காது கொடுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், காதால் கேட்டாலே போதும்.

மூன்றாம் படி: மொழிபெயர்ப்பை வாசற்படியில் செய்யாதீர்கள்

டேப்பில் பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும் மட்டும் இருக்கும். 'யாதாஸ்திதிகன்' என்ற மலையாளச் சொல்லைப் பார்த்து ஒருவர் பழமைவாதி என்பார், இன்னொருவர் 'ஆசாரம் பார்க்கிறவர்' என்பார், மூன்றாமவர் 'இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறவர்' என்பார். மூன்று பேர் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு விடைகளை ஒரே பெட்டியில் போடுகிறார்கள். முந்தைய இரவே குழுவினர் உட்கார்ந்து ஒரே தமிழ் வாசகத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வினாத்தாளைப் பார்க்காத ஒருவரிடம் அந்தத் தமிழைக் கொடுத்து மலையாளத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். மூலத்துக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. வராவிட்டால் மாற்றி எழுதுங்கள், சூப்பர்வைசரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

நான்காம் படி: பத்துப் புள்ளிக் கோட்டைக் காட்டும் முறை

உலக விழுமிய ஆய்வு என்ற பன்னாட்டு ஆய்வு, இடதை 1 என்றும் வலதை 10 என்றும் வைத்து, உங்கள் கருத்து எங்கே நிற்கிறது என்று கேட்கிறது. பல கணிப்புகள் அதையே பின்பற்றுகின்றன. எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு ஏணிப் படம் காட்டும் வழக்கம் சில குழுக்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏணியில் மேலே இருப்பது உயர்வு என்று கண் தானாக முடிவு செய்கிறது. வலது மேலே இருந்தால் சிலர் அதனாலேயே மேலே போவார்கள்.

குழு ஒப்புக்கொண்டால் நான் பத்துப் புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைக்கிறேன். தாயம் ஆடிய கைகள், கூச்சப்படாமல் ஒன்றைத் தொடும். இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள்: எதிரே உட்காராதீர்கள். உங்கள் இடது அவருக்கு வலது. பக்கத்தில், ஒரே திசை பார்த்து உட்காருங்கள். வடகரப்பதியில் ஒரு திண்ணையில் இதை உணர்வதற்குள் நான்கு பேரிடம் கேட்டு முடித்திருந்தேன். நான்கையும் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. 1 முதல் 10 வரையுள்ள வரிசையில் நடு எண்ணே கிடையாது. நடு என்பது ஐந்தரை. ஆனால் பத்தில் பாதி ஐந்து என்று எல்லோருக்கும் மனக்கணக்கு இருப்பதால் 'நடு' என்று நினைக்கிறவர்கள் ஐந்தில் குவிகிறார்கள். ஐந்து என்பதால் 'சற்றே இடது' என்று அறிக்கையில் எழுதிவிடலாகாது.

ஐந்தாம் படி: தனியாகக் கேளுங்கள், தெரியாது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்

அடுப்படியில் இருக்கும் அக்காவிடம் கேட்கிறீர்கள். வாசலிலிருந்து அண்ணன் விடை சொல்கிறார். "அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்வதை எழுதுங்கள்" என்கிறார். அப்போது வாதாடாதீர்கள். "உங்கள் விடையை இந்தத் தம்பி தனியாகக் கேட்டுக்கொள்வார், அண்ணா" என்று உடன் வந்தவரை அவரிடம் அனுப்புங்கள். அதற்காகவே இரண்டு பேராகப் போகிறோம். டெல்லியின் சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லோக்நீதி என்ற ஆய்வுக் குழு, வாக்கு பற்றிய கேள்விக்கு மாதிரி வாக்குச்சீட்டையும் பெட்டியையும் பயன்படுத்துகிறது. குறித்துவிட்டு மடித்துப் போட்டால் நமக்கே தெரியாது. கொள்கை பற்றிய கேள்வியையும் இப்படிச் சீட்டில் கேட்க அனுமதி இருந்தால் கட்டாயம் கேளுங்கள். தோப்பு உரிமையாளர் நிற்கும்போது தோப்பில் வேலை செய்கிறவர் எந்தக் கொட்டையைத் தொடுவார் என்பது நமக்குத் தெரியாதா?

'தெரியாது' என்பதில் பல வகை உண்டு. கேள்வி புரியவில்லை என்பது ஒன்று. புரிகிறது, யோசித்ததில்லை என்பது ஒன்று. யோசித்திருக்கிறேன், உன்னிடம் சொல்ல மாட்டேன் என்பது இன்னொன்று. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இல்லையென்றால் குறிப்பில் எழுதுங்கள். 'சும்மா ஒன்று சொல்லுங்கள் அம்மா' என்று நெருக்கினால் அவர்கள் நம்மை அனுப்பிவைப்பதற்காக நடுவில் ஒன்றைத் தொடுவார்கள். அது கருத்தாகாது, விருந்தோம்பல்.

தெரியாது என்கிறவரைக் குறைவாக நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1956 அமெரிக்கத் தேர்தல் ஆய்வின் விடைகளைப் பிரித்துப் பார்த்த ஃபிலிப் கான்வர்ஸ், 1964இல் வெளியிட்ட கட்டுரையில், கொள்கைச் சட்டகம் வழியாக அரசியலைப் பேசியவர்கள் இரண்டரை சதவீதம் என்றும், ஓரளவு அப்படிப் பேசியவர்கள் ஒன்பது சதவீதம் என்றும் கண்டார். மற்றவர்களில் பெரும்பாலோர் இனம், தொழில் போன்ற குழு நலன் வழியாகவும் காலத்தின் நன்மை தீமை வழியாகவும் யோசித்தார்கள். அதுவும் யோசனைதான். 1972 முதல் அமெரிக்கத் தேர்தல் ஆய்வு ஏழு புள்ளிக் கேள்வியின் முடிவில், 'இதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லையா?' என்ற வாய்ப்பையும் சேர்த்தே கேட்கிறது. கேள்வி கேட்கிறவர் அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தால், விடை சொல்கிறவருக்கு அவமானம் இல்லை.

ஆறாம் படி: வரிசையையும் வாசகத்தையும் தொடாதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை நம் நாட்டுக்குள் அனுமதிக்கலாமா என்று நேராகக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களே சரி என்றார்கள். 'நம் நிருபர்களை ரஷ்யாவில் அனுமதிக்க வேண்டுமா' என்று முதலில் கேட்டுவிட்டு அதைக் கேட்டபோது 73 சதவீதம் பேர் சரி என்றார்கள். கேள்வி மாறவில்லை, வரிசை மட்டும் மாறியது. பின்னாளில் 'ஏழைகளுக்கு உதவி' என்று கேட்டால் அரசு இன்னும் செலவிட வேண்டும் என்றவர்கள் 60 சதவீதத்துக்கு மேல். அதையே 'வெல்ஃபேர்' (அரசின் நல உதவி) என்று கேட்டால் ஏறக்குறைய கால்வாசி.

நம் ஊரில் அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'இலவச அரிசி', 'ரேஷன் அரிசி', 'அரசு தர வேண்டிய அரிசி' என்று மூன்று விதமாகக் கேட்டால் மூன்று விதமான மனிதர்களைச் சந்திப்பீர்கள். ஒப்புக்கொண்ட வாசகத்தை எழுத்து மாறாமல் வாசியுங்கள்.

ஏழாம் படி: கோட்டில் ஏறாதவற்றுக்கு ஒரு பக்கம் வையுங்கள்

எங்கள் பக்கத்தில் யாரிடமும் முதலில் என்ன பேச்சு வருகிறது? தண்ணீர். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழை என்ற ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். வரும் ஆண்டும் உண்டு, குறையும் ஆண்டும் உண்டு. குறைந்தால் எந்தக் கொடி பிடிப்பவரும் ஒரே குரலில் பேசுகிறார். எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவினர், அதே சாதி, அதே கட்சி, எதிர்க்குரலில் பேசுகிறார். இது இடதா வலதா?

பிளாச்சிமடையும் அப்படித்தான். குளிர்பான ஆலை நிலத்தடி நீரை எடுத்ததற்கு எதிராக 2002இல் தொடங்கிய போராட்டத்தில் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னே நின்றார். பெருமாட்டி ஊராட்சி 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்தப் பந்தலில் காந்தியரும் இருந்தார், சோஷலிஸ்டும் இருந்தார், ஆதிவாசி அமைப்பும் இருந்தது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்பதால் வந்து உட்கார்ந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் புளியங்கொட்டை வரிசையில் எங்கே வைப்பது? மொழி உரிமையும் இந்த வகைதான். பிள்ளைக்குத் தமிழ்வழிப் பள்ளி வேண்டும், விண்ணப்பப் படிவம் தமிழில் வேண்டும் என்பது எந்த முன்னணியின் கொள்கைக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை.

அதனால், 'உங்களுக்கு முக்கியமானது எது' என்ற திறந்த கேள்வி வினாத்தாளில் இருந்தால், அதற்கு வரும் விடையை அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுதுங்கள். சுருக்காதீர்கள். டேப்பில் இடம் போதாவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எண் போடுங்கள்.

எட்டாம் படி: முடிவு வெளிவந்த பின் அதைப் படிக்கும் முறை

ஆயிரம் பேரிடம் சரியாக மாதிரி எடுத்துக் கேட்டால் பிழை ஏறக்குறைய மூன்று சதவீதம் இப்படியும் அப்படியும். நூறு பேர் என்றால் பத்து சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். அப்படியானால் மாநிலம் முழுவதும் ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் நம்மவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். அந்தப் பதினைந்தை வைத்து 'கேரளத் தமிழர்கள் இந்தப் பக்கம்' என்று எவராவது எழுதினால் நம்பாதீர்கள். தேவிகுளம் தோட்டத் தொழிலாளியும் பாறசாலை வியாபாரியும் வடகரப்பதி விவசாயியும் அந்தப் பதினைந்துக்குள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

கேள்வியின் முழு வாசகம் எது, எந்த மொழியில் கேட்டார்கள், தெரியாது என்றவர்கள் எத்தனை பேர், அவர்களைக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்டார்களா, யார் பணம் கொடுத்தார்கள், எந்தத் தேதிகளில் எடுத்தார்கள். இவை இல்லாத கணிப்பை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளை ஒளிபரப்பவும், தேர்தல் ஆணையம் குறிக்கும் காலத்தில் வாக்களித்து வந்தவர்களிடம் எடுத்த கணிப்பை வெளியிடவும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் டேப்பில் இருப்பதை நண்பர்களிடம் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

கடைசிப் படி: அன்றன்றே சரிபாருங்கள்

மாலையில் குழுவாக உட்கார்ந்து, ஓட்டும் பெயரும் நிலைப்பாடும் ஒட்டாத விடைகளை எடுத்துப் பாருங்கள். மாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லைத் தவறாகக் கேட்டீர்களா என்று பார்ப்பதற்காக. ஐயம் இருந்தால் மறுநாள் அந்த வீட்டுக்கே போய், "நேற்று வலது என்றீர்களே, அப்படியென்றால் யார் என்று நினைத்துச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு துணைக்கேள்வியை வினாத்தாளிலேயே சேர்க்கச் சொல்லி நான் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு முறை சேர்த்தார்கள்.

எருத்தேன்பதிப் பெரியவரிடம் மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு மடியிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, புளியங்கொட்டைகளை எண்ணி, இடமிருந்து இரண்டாவதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "முதலாவது என் தம்பி. அவன் இடது" என்றார்.